ஆப்பிள் தோப்புக்கு அடியில் ஒரு சைக்கிள் தடம்: பெர்லின் வெலோட்ரோமில் எல்லாவற்றுக்கும் எப்படி இடம் கிடைக்கிறது?

கேள்வி: பெர்லின் போயிருந்தபோது லான்ட்ஸ்பெர்கர் அலே ரயில் நிலையத்தில் இறங்கி வெலோட்ரோம் என்ற அரங்கைத் தேடினேன். மேப்பில் பெரிதாகக் காட்டுகிறது. நேரில் பார்த்தால் ஆப்பிள் மரங்கள், நடுவே தரையோடு ஒட்டினாற்போல ஒரு பெரிய இரும்பு வட்டம், அவ்வளவுதான். உள்ளே சைக்கிள் பந்தயம், கச்சேரி, மாநாடு எல்லாம் நடக்குமாம், நீச்சல் போட்டிகூட நடந்ததாம். சரிவான மரத்தடம் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எப்படி நடத்துகிறார்கள்? சைக்கிளுக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று என்று தனித்தனியாகக் கட்டினால் என்ன?

பதில்:

நீங்கள் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறீர்கள். அந்த இரும்பு வட்டம்தான் கூரை. 142 மீட்டர் விட்டம் உள்ள அந்தக் கூரைக்கு மேலே உலோக வலை போர்த்தியிருக்கிறார்கள். வெயில் சாய்வாக விழும்போது தோப்புக்கு நடுவே ஏரி கிடப்பதுபோல் மின்னும். அரங்கு முழுக்க அதற்குக் கீழே, மண்ணுக்குள் இருக்கிறது. வடிவமைத்தவர் தொமினிக் பெரோ என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர். பாரிஸில் பிரான்ஸின் தேசிய நூலகத்தைக் கட்டியவரும் அவர்தான். அங்கே நடுவில் ஒரு காட்டைப் பள்ளத்தில் இறக்கி வைத்தார், இங்கே அரங்கைப் பள்ளத்தில் இறக்கிவிட்டு மரங்களை மேலே நட்டார். பக்கத்தில் அதேபோல் இன்னொரு செவ்வக வடிவம் பார்த்திருப்பீர்கள். அது நீச்சல் கூடம்.

இது வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெர்லின் சுவர் விழுந்த கையோடு அந்த நகரம் 2000 ஒலிம்பிக்குக்கு விண்ணப்பித்தது. அதற்காகத் திட்டமிட்ட கட்டடங்களில் ஒன்று இது. 1993 செப்டம்பரில் மான்டி கார்லோவில் வாக்கெடுப்பு நடந்து சிட்னி ஜெயித்தது. பெர்லினுக்கு மொத்தம் 9 ஓட்டுதான். மாப்பிள்ளை வரவில்லை என்றாலும் மண்டபத்தைக் கட்டியே தீருவோம் என்று கட்டி முடித்து 1997-ல் திறந்தார்கள். அதே இடத்தில் முன்பு கிழக்கு ஜெர்மனியின் வெர்னர் ஸீலன்பிண்டர் கூடம் இருந்தது. ஸீலன்பிண்டர் ஒரு மல்யுத்த வீரர், கம்யூனிஸ்ட், 1944-ல் நாஜிகள் அவரைக் கொன்றார்கள். அந்தப் பழைய கூடத்திலும் குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்டியிருக்கிறார்கள், கச்சேரியும் நடத்தியிருக்கிறார்கள். ஆக, ஒரே கூரைக்கு அடியில் இரண்டு பிழைப்பு என்பது அந்த மண்ணுக்குப் புதிதல்ல.

சரி, உங்கள் முதல் கேள்விக்கு வருவோம். அதற்குத் தடத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரி அரங்கில் மற்ற எல்லாவற்றுக்கும் அளவு சொல்வது அதுதான். நடுக்கூடத்தில் ஆட்டுக்கல் பதித்த வீடு மாதிரி. கட்டில், பீரோ எல்லாம் ஆட்டுக்கல்லைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

உலகப் போட்டிகளுக்கான தடம் ஒரு சுற்று 250 மீட்டர், அகலம் 7 மீட்டர். நேர்ப்பகுதியில் 12, 13 பாகை சாய்ந்திருக்கும். வளைவில் அது 42 பாகைக்கு மேல் ஏறிவிடும். நம்மூர்ப் பொருட்காட்சியில் மரணக் கிணறு பார்த்திருப்பீர்களே, மரப்பலகைச் சுவரில் பைக் ஓட்டுவார்களே, அதே சூத்திரம்தான். கணக்கு எளிது: மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், ஏறக்குறைய 23 மீட்டர் ஆரம் உள்ள வளைவில் திரும்பினால், பக்கவாட்டில் தள்ளும் விசை ஓட்டுபவருடைய எடையைப்போல் ஒன்றேகால் மடங்கு வரும். தரை சமமாக இருந்தால் டயர் வழுக்கி அவர் பார்வையாளர் மடியில் போய் விழுவார். தரையே சாய்ந்து கொடுத்தால் அந்த விசை டயரைப் பலகையோடு சேர்த்து அமுக்கும். மறுபக்கம், மெதுவாக ஓட்டினால் கீழே சறுக்கிவிடுவார். மணிக்கு 30 கிலோமீட்டராவது இருந்தால்தான் வளைவில் நிற்க முடியும். வண்டியில் பிரேக் கிடையாது, பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். முதல்முறை ஏறுபவர்களுக்குப் பயிற்சியாளர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பயம் வந்தால் இன்னும் வேகமாக மிதி.

இப்போது அந்தச் சாய்வின் இன்னொரு விளைவைப் பாருங்கள். 7 மீட்டர் அகலப் பலகை 42 பாகையில் எழுந்து நின்றால் அதன் வெளிவிளிம்பு தரையிலிருந்து நாலரை மீட்டருக்கு மேல் போய்விடும், ஒன்றரை மாடி உயரம். வளைவுப் பக்கம் முதல் வரிசை இருக்கை அதற்கும் மேலேதான் தொடங்க முடியும். ஆக, தடம் போட்ட நிமிடமே இரண்டு விஷயங்கள் முடிவாகிவிடுகின்றன. ஒன்று, நடுவிலே மிகப் பெரிய வெற்றிடம். பாதுகாப்புப் பட்டையைக் கழித்தாலும் ஏறக்குறைய 90 மீட்டர் நீளமும் 35 மீட்டருக்குமேல் அகலமும் மிஞ்சும். இரண்டு, பார்வையாளர் அந்த வெற்றிடத்தை விட்டுத் தள்ளி, உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

முதலாவது வரம், இரண்டாவது சாபம். கூடைப்பந்துக் களம் 28-க்கு 15 மீட்டர், ஹேண்ட்பால் களம் 40-க்கு 20. இரண்டையும் உள்ளே வைத்தாலும் மிச்சம் இருக்கும். நெதர்லாந்தின் அபெல்டோர்ன் அரங்கில் சைக்கிள் தடத்துக்கு உள்ளேயே 200 மீட்டர் ஓட்டப்பந்தயத் தடம் இருக்கிறது. 2025 மார்ச்சில் ஐரோப்பிய உள்ளரங்கத் தடகளப் போட்டிகள் அங்கேதான் நடந்தன. ஆனால் கூடைப்பந்து பார்ப்பவனுக்கு ஆட்டக்காரனின் வேர்வை தெரிய வேண்டும். சைக்கிள் தடம் நடுவில் குறுக்கிட்டால் மொட்டைமாடியிலிருந்து தெருக் கிரிக்கெட் பார்ப்பது மாதிரி ஆகிவிடும்.

இதைச் சமாளிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உண்டு. முதலாவது, தேவைப்படும்போது மட்டும் தடத்தைக் கொண்டுவந்து பூட்டுவது. மியூனிக் ஒலிம்பியாஹாலில் 1972 முதல் 2009 வரை அப்படித்தான் செய்தார்கள். ஆறு நாள் நடக்கும் சைக்கிள் பந்தயத்துக்கு 200 மீட்டர் தடத்தைப் பூட்டுவார்கள், பந்தயம் முடிந்தால் கழற்றிவிடுவார்கள், கூடம் பழையபடி ஆகிவிடும். தடம் சின்னதாக ஆக ஆக வளைவு இறுகும், சாய்வு கூடும். பெல்ஜியத்தின் கென்ட் நகரில் இருக்கும் தடம் 166 மீட்டர்தான். அந்த அரங்கின் பெயர் குய்ப்கே, சின்னத் தொட்டி என்று அர்த்தம். பெயர் வைத்தவர் மேலே நின்று பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது, தடத்தை அங்கேயே வைத்துக்கொண்டு நகரும் இருக்கைகளால் மூடுவது. மெல்பர்னில் 2000-ல் திறந்த அரங்கு இந்த வகை. டென்னிஸ் என்றால் இருக்கைகள் முன்னே வந்து தடத்தை விழுங்கிவிடும், சைக்கிள் என்றால் பின்வாங்கும். போதாததற்குக் கூரையும் திறந்து மூடும். ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ் ஆட்டங்கள் நடக்கும் அதே அரங்கில் 2004, 2012 உலக சைக்கிள் போட்டிகளும் 2006 காமன்வெல்த் சைக்கிள் போட்டிகளும் நடந்தன. வோடஃபோன், ஹைசென்ஸ் என்று பெயர்ப்பலகை மாறி மாறி இப்போது ஜான் கேன் அரங்கு. அசையும் பாகங்கள் எவ்வளவு இருக்கின்றனவோ அவ்வளவு பராமரிப்புச் செலவும் உண்டு என்பது சொல்லாமலே புரியும்.

மூன்றாவது பெர்லின் வழி: தடம் தடமாகவே கிடக்கட்டும், நடுவில் இருக்கும் அந்தப் பெரிய திடலில் எதை வேண்டுமானாலும் வை. இது சோம்பேறித்தனமாகத் தெரியலாம். என் கணிப்பில் மூன்றில் புத்திசாலித்தனமானது இதுதான். காரணம், வெலோட்ரோம் கூடைப்பந்துக்கு ஆசைப்படவில்லை. நெருக்கமாகப் பார்க்க வேண்டிய ஆட்டங்களுக்கு அதே காலத்தில் அதே நகரில் மாக்ஸ் ஷ்மெலிங் கூடம் கட்டிவிட்டார்கள். வெலோட்ரோமின் பங்குக்குக் கச்சேரி, மாநாடு, கண்காட்சி என்று நடுத்திடலில் ஆட்களை நிறுத்தி வைக்கும் நிகழ்ச்சிகள் வந்தன. மேடையை ஒரு வளைவுப் பக்கம் தள்ளிப் போட்டுவிட்டால், ரசிகர்கள் திடலில் நின்றபடி பார்ப்பார்கள், மற்றவர்கள் மேலே இருக்கைகளில். கச்சேரிக்கு 12,000 பேர் வரை கொள்ளும்.

நீச்சல் போட்டி உண்மைதான், அதுதான் எனக்கு இந்த அரங்கின் கதையிலேயே பிடித்த பகுதி. 2014 ஆகஸ்டில் ஐரோப்பிய நீச்சல் போட்டிகள் பெர்லினில் நடந்தன. பக்கத்திலேயே நீச்சல் கூடம் இருக்கும்போது எதற்கு இங்கே என்று தோன்றும். அந்தக் கூடத்தில் டைவிங் வைத்துக்கொண்டார்கள், வேக நீச்சலுக்கு நிறையப் பேர் உட்கார இடம் வேண்டும் என்று வெலோட்ரோமுக்குள் தற்காலிகக் குளம் கட்டினார்கள். மேலே சொன்ன அளவை நினைத்துப் பாருங்கள்: 50-க்கு 25 மீட்டர் குளம் 90-க்கு 35 இடத்தில் கச்சிதமாக உட்காரும். ஆனால் 2 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டாலே 2,500 டன் தண்ணீர். அதைத் தரை தாங்க வேண்டும், சொட்டு ஒழுகக் கூடாது, போட்டி முடிந்த மறுநாளே எங்காவது வடித்துவிட வேண்டும். அந்தத் தற்காலிகத் தொட்டியில் ஆடம் பீட்டி என்ற 19 வயது ஆங்கிலப் பையன் 50 மீட்டர் மார்பு நீச்சலை 26.62 விநாடியில் முடித்து உலக சாதனை படைத்தான்.

2020 பிப்ரவரி கடைசியில் உலக சைக்கிள் போட்டிகள் அதே இடத்தில். நான்கு பேர் அணியாக ஓட்டும் 4 கிலோமீட்டர் துரத்தல் பந்தயத்தில் டென்மார்க் அணி 3 நிமிடம் 44.672 விநாடி. தனியாள் துரத்தலில் இத்தாலியின் பிலிப்போ கன்னா 4 நிமிடம் 1.934 விநாடி. இரண்டும் அன்றைக்கு உலக சாதனை. ஜெர்மனியின் எம்மா ஹின்ட்ஸே சொந்த நாட்டுக் கூட்டத்துக்கு முன்னால் மூன்று தங்கம் வாங்கினார். தண்ணீரிலும் மரத்திலும் உலக சாதனை பார்த்த கூரை வேறு எத்தனை இருக்கும், எனக்கு ஞாபகம் வரவில்லை.

அடுத்த ஆண்டு அதே கூடத்தில் கொரோனா தடுப்பூசி போட்டார்கள். பெர்லின் நகரம் திறந்த ஆறு தடுப்பூசி மையங்களில் வெலோட்ரோமும் ஒன்று. பெரிய காலித்தரை, நல்ல காற்றோட்டம், வாசலில் ரயில் நிலையம். வேறென்ன வேண்டும்?

வெளியில் தெரியாத ஒரு சண்டையும் இந்த மாதிரிக் கூடங்களில் உண்டு, அது காற்றோடு. சைக்கிள்காரர்களுக்குச் சூடு வேண்டும். சூடான காற்று லேசானது, எதிர்ப்பு குறையும். 2012 ஒலிம்பிக்குக்காக லண்டனில் கட்டிய சைக்கிள் அரங்கில் தடத்தருகே 28 டிகிரி இருக்கும்படி செய்தார்கள், கதவு திறந்தால் இழுக்கும் காற்றைக்கூடக் கணக்கில் எடுத்தார்கள். கச்சேரிக்கு வரும் கூட்டமோ தானே அடுப்பாக எரியும், அதற்குக் குளிர்ச்சி வேண்டும். மரம் இரண்டையும் விரும்பாது. ஈரம் ஏறினால் உப்பும், வறண்டால் இடைவெளி விடும், பலகை நிமிர்ந்தால் ஒரு சிலாம்பு போதும், 70 கிலோமீட்டர் வேகத்தில் விழுபவரின் தொடையில் ஏற. லண்டன் தடத்துக்கு மட்டும் 56 கிலோமீட்டர் நீளத்துக்கு சைபீரியப் பைன் பலகை போயிருக்கிறது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு விரல் அகலமுள்ள பட்டைகள், ஆணி லட்சக்கணக்கில். ஆகவே கச்சேரியோ நீச்சலோ சைக்கிளோ, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் காற்றை வேறு மாதிரி பதப்படுத்த வேண்டும். அதற்கு ஆகும் மின்சாரத்தை டிக்கெட் விலையில்தான் ஏற்றுவார்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, தனித்தனியாகக் கட்டினால் என்ன என்பது.

பழைய நாட்களில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அப்போது சைக்கிள்தான் கூடத்தை நிரப்பும் சரக்கு. நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் ஆறு நாள் இடைவிடாமல் ஓட்டும் பந்தயங்கள் நடக்கும். தூக்கமில்லாமல் மாயத்தோற்றம் கண்டு விழும் அளவுக்குப் போனதால், ஒருவர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. நடத்துபவர்கள் விடுவார்களா? இரண்டு பேரைச் சேர்த்து ஒரு ஜோடியாக்கி, மாறி மாறி ஓட்டச் சொல்லி, 24 மணி நேரத்தையும் நிரப்பிவிட்டார்கள். அந்த ஜோடிப் பந்தயத்துக்கு இன்றைக்கும் பெயர் மேடிசன். ஒலிம்பிக்கில் இருக்கிறது. ஒரு கட்டடத்தின் பெயர் பந்தயத்தின் பெயரானது.

பெர்லினுக்கு ஆறு நாள் பந்தயம் 1909-ல் வந்தது, விலங்குக் காட்சிசாலை அருகே கண்காட்சிக் கூடம் ஒன்றில், 150 மீட்டர் தடத்தில். ஐரோப்பாவின் முதல் ஆறு நாள் பந்தயங்களில் ஒன்று அது. பிறகு ஸ்போர்ட்பலாஸ்ட் என்ற கூடத்துக்குப் போய் நகரத்தின் திருவிழா ஆனது. சைக்கிளும் குத்துச்சண்டையும் நடந்த அதே ஸ்போர்ட்பலாஸ்ட்டில்தான் 1943 பிப்ரவரியில் நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் முழுப்போர் வேண்டுமா என்று கூட்டத்தைக் கேட்டார். பாரிஸின் குளிர்கால சைக்கிள் கூடத்துக்கு இன்னும் கொடிய கதை: 1942 ஜூலையில் கைது செய்த யூதர்களில் ஆயிரக்கணக்கானவர்களை, குழந்தைகளோடு, அங்கே நாட்கணக்கில் அடைத்து வைத்துவிட்டு முகாம்களுக்கு அனுப்பினார்கள். பெரிய கூடம் எதற்கு வேண்டுமானாலும் பயன்படும் என்பதில் இதுவும் அடக்கம். அந்தப் பாரிஸ் கூடத்தை 1959-ல் இடித்தார்கள்.

இன்று நிலைமை வேறு. ஆண்டில் சில இரவுகள்தான் சைக்கிள் பந்தயத்துக்குக் கூட்டம் வரும். பெர்லினில் ஜனவரிப் பந்தயத்தின் பெயரில்தான் ஆறு நாள் இருக்கிறது, நடப்பதெல்லாம் மாலை நேர ஓட்டங்கள். மிச்ச நாட்களுக்கு வாடகை வேண்டும், அதைக் கச்சேரி கொடுக்கிறது. ஆனால் கச்சேரி நடக்கும் வாரத்தில் பயிற்சி நடக்காது. இதுதான் இந்தக் கலவையின் உண்மையான விலை. மேடை பூட்ட இரண்டு நாள், பிரிக்க ஒரு நாள் என்று போனால், தினமும் 200 சுற்று ஓட வேண்டிய 16 வயதுப் பிள்ளை எங்கே போவான்?

அதனால் நான் இப்படிப் பிரித்துச் சொல்வேன். வீரர்களை வளர்ப்பது நோக்கம் என்றால் தனியாகவே கட்டுங்கள், சின்னதாகக் கட்டுங்கள். மான்செஸ்டரில் 1994-ல் திறந்த அரங்கு அதற்கு உதாரணம். சில ஆயிரம் இருக்கைகள்தான், ஆனால் காலையிலிருந்து இரவுவரை யாராவது ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். பிரிட்டன் சைக்கிளில் தங்கமாகக் குவித்ததற்கு அந்தத் தடம் முக்கியக் காரணம். நம் பக்கத்திலும் சின்ன அளவில் இதைப் பார்க்கலாம். 2010 காமன்வெல்த்துக்காக தில்லியில் கட்டிய இந்திரா காந்தி சைக்கிள் அரங்கு பயிற்சிக்கூடமாகவே தொடர்ந்ததால்தான் அந்தமானின் எஸோவ் ஆல்பன், மணிப்பூரின் ரொனால்டோ சிங் போன்றவர்கள் வந்தார்கள். 2019-ல் இளையோர் உலகப் போட்டியில் அணி ஸ்பிரிண்ட் என்ற, அணியாக ஓட்டும் குறுந்தூரப் பந்தயத்தின் தங்கத்தை ரோஜித் சிங்கோடு சேர்ந்து வாங்கினார்கள். அதை வாங்கிய ஊர், பெர்லினிலிருந்து ஒரு மணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் ஓடர் ஆற்றங்கரை பிராங்க்ஃபர்ட்.

ஊருக்குப் பெரிய கூடம் வேண்டும், கூடவே சைக்கிளும் இருக்கட்டும் என்றால் பெர்லின் மாதிரி செய்யலாம், அருகில் இன்னொரு கூடம் இருக்கும் பட்சத்தில். ஒரே கட்டடத்தில் கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி, சைக்கிள், சர்க்கஸ் எல்லாமே முதல்தரமாக நடக்கும் என்று யாராவது வரைபடம் நீட்டினால் நம்ப வேண்டாம். யோசிக்காமல் கட்டியதன் முடிவுக்கு மான்ட்ரியலைப் பாருங்கள். 1976 ஒலிம்பிக்கின் சைக்கிள் அரங்கு 1992-ல் உயிரினக் காட்சியகமாக மாறிவிட்டது. வீரர்கள் பறந்த இடத்தில் இப்போது பென்குவின்கள் நடக்கின்றன. பென்குவின்களுக்கு நல்ல இடம்தான், அதில் குறையில்லை.

மறுபடி பெர்லின் போனால், ஜனவரியாகப் பார்த்துப் போங்கள். நான் ஒருமுறை பந்தய இரவில் நடுத்திடலில் நின்றிருக்கிறேன். பீர், வறுத்த சாஸேஜ், தைல வாசனை மூன்றும் கலந்த காற்று. ஓட்டக்காரர்களின் அறைகள் என்பவை திடலோரத்தில் திரை கட்டிய சின்னச் சின்ன மரப்பெட்டிகள், ஒருவர் காலை நீட்டினால் நிரம்பிவிடும். மேடிசன் தொடங்கியதும், வேகமாக ஓட்டி வருபவர் மெதுவாக உருளும் ஜோடிக்காரரின் கையைப் பிடித்து முன்னால் வீசி எறிவார், உறியடியில் கயிற்றை இழுக்கிற அதே வேகத்தில். கையும் கையும் ‘பட்’ என்று ஒட்டும் சத்தம் கேட்கும். ஆனால் கூட்டம் மொத்தமாக வளைவைக் கடக்கும்போது பலகைக்கு அடியிலிருந்து வரும் உறுமல் இருக்கிறதே, அது காதில் விழுவதில்லை, நெஞ்சில்தான் விழுகிறது.

டிக்கெட் எடுக்கும்போது வளைவின் மேல்வரிசையாகக் கேளுங்கள். நேர்ப்பகுதியின் கீழ்வரிசை விலை அதிகம். முடிவுக்கோடு பக்கத்தில் இருக்கும், ஆனால் கண்ணிமைப்பதற்குள் எல்லோரும் கடந்துவிடுவார்கள், அப்புறம் அரைச் சுற்றுக்கு யாருடைய முதுகையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வளைவின் உச்சியில் முழுத் தடமும் தெரியும், யார் மேலே ஏறிக் காத்திருக்கிறார்கள், யார் கீழே பாயப் போகிறார்கள் என்பதும் தெரியும். ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே வெக்கையாக இருக்கும்.